எனக்குப் பிடித்த பழிவாங்கும் படங்கள்

காதல் படம், காமெடிப் படமெல்லாம் வீட்டு டி.வி.யில் ஓடினால் பார்ப்பேன் சார். தியேட்டருக்குப் போவதென்றால் பழிவாங்குகிற படமாக இருக்கணும். திரேஸ்புரத்தில் பாதிப்பேர் அப்படித்தான். நாள் முழுக்கக் கடலில் கிடந்து உடம்பு உப்பேறி வருகிறவனுக்கு, எவனாவது ஒருத்தன் செய்ததற்கு அனுபவிப்பதைப் பார்த்தால்தான் சோறு இறங்கும்.

அதிலும் எல்லாப் படமும் சேர்த்தியில்லை. வில்லனைக் கட்டிப்போட்டுக் கால்மணி நேரம் வசனம் பேசுகிற ஹீரோ எனக்கு ஆகாது. ஆத்திரத்தில் ஓடிப்போய் வெட்டுகிறவனும் ஆகாது. அது குடிகாரன் வேலை. பொறுத்திருக்கணும். வில்லன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடணும். கடைசியில், ஏன் சாகிறோம் என்று அவனுக்குத் தெரியணும். ஒரு வார்த்தை பேசாமலே தெரியணும். அப்படி எடுத்த படம் மூணு நாலுதான் தேறும்.

ஜெஸ்டின் என் தங்கை ஷெர்லினின் புருஷன். சங்கு குளிக்கிறவன். மேலே படகிலிருந்து அவனுக்குக் கயிறு பிடிப்பது நான். எங்கள் பக்கம் அது வழக்கம். அடியில் இறங்குகிறவனின் உயிர்க்கயிறு பொண்டாட்டியோடு கூடப்பிறந்தவன் கையில்தான் இருக்கணும். தங்கச்சி தாலி அறுவதற்கு எந்த அண்ணனும் கையைத் தளர்த்த மாட்டான் என்கிற நம்பிக்கை. இப்போது மூச்சு கம்ப்ரசரிலிருந்து டியூப் வழியாகப் போகிறது. அதைப் பார்த்துக்கொள்வதும் அதே மச்சான்தான்.

போன தவக்காலத்தில் ஷெர்லின் செத்துப்போனாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று ஜெஸ்டின் சொன்னான். ஆஸ்பத்திரியில் அதையே எழுதிக்கொண்டார்கள். அவளைக் குளிப்பாட்டிய எமில்டா அக்கா மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, “வழுக்கி விழுந்தவளுக்கு முதுகுல பெல்ட்டுத் தடம் எப்படிடே வரும்?” என்று கேட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஜெஸ்டின் என்னிடம் வந்தான்.

“மச்சான், திங்கக்கெழம எறங்குவமா? வேற எவன் கையிலயும் கயித்தக் குடுக்க மனசு வரமாட்டேங்கு.”

“எறங்குவம் மாப்ள.”

அவன் செய்த பிசகு அதுதான் சார். வழக்கத்தை ஞாபகம் வைத்திருந்தான், அதன் காரணத்தை மறந்துவிட்டான். ஷெர்லின் இல்லாத பிறகு நான் எதற்காகக் கயிற்றை இறுக்கிப் பிடிக்கணும்?

ஆனாலும் ஏழு மாசம் இறுக்கித்தான் பிடித்தேன். அவன் வைத்த மீன்குழம்பைத் தின்றேன், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

எட்டாம் மாசம் ஒருநாள் படகில் நாங்கள் ரெண்டுபேர்தான். “என்ன மச்சான், நேத்தும் படமா? கண்ணு ரெண்டும் நாள்பட்ட சாளை மீனு மாரி செவந்து கெடக்கு,” என்று சிரித்தான். “பாத்த படத்தயே எத்தன தடவதாம்வே பாப்பீரு?”

“நல்ல எடம் வரும்லா மாப்ள,” என்றேன்.

இடுப்பில் ஈயத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினான். பதினொரு பாகம், அறுபது அடிக்கு மேலே ஆழம். சங்கு போடுவதற்கு நான் ஒரு வலைப்பையைக் கயிற்றில் கட்டி அனுப்புவேன். அன்றைக்கு அந்தப் பையில் ஷெர்லினின் தாலிச்செயினைக் கட்டி அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தது.

கொஞ்ச நேரம் கயிறு அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்திருப்பான். பிறகு ரெண்டு இழுப்பு வந்தது. தூக்கு என்று அர்த்தம். நான் கம்ப்ரசரை நிறுத்தினேன். மறுபடி ரெண்டு இழுப்பு. கயிற்றைப் படகிலிருந்து அவிழ்த்துக் கடலில் விட்டேன். வசனம் ஒன்றும் இல்லை.

நீங்கள் கம்ப்ரசர் பழுதான விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். நானாகத்தான் வந்து சொல்கிறேன். பார்க்க ஆளில்லாமல் ஓடினால் அது என்ன படம்? என் தங்கச்சிக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்று நாலுபேருக்குத் தெரியணும்.

அவள் செத்த அன்று சாயங்காலம் அவள் போனிலிருந்து எனக்கு ஆறு கால் வந்ததாகக் காகிதத்தைக் காட்டுகிறீர்கள். வந்தது வாஸ்தவம். தியேட்டரில் இருந்தேன். போன் கையில்தான் இருந்தது, ஷெர்லின் என்று பேரும் தெரிந்தது. ஆனால் திரையில், தங்கச்சி அலறின சத்தம் கேட்டு அண்ணன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிற இடம். அதை விட்டுவிட்டு எப்படி சார் எழுந்து வரமுடியும்?