புருஷன் செத்துச் சரியான கால்

பதுளையிலிருந்து அப்புத்தளை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"அவரு செத்ததுல எனக்குக் கால் சரியாப் போச்சுன்னு ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க."

அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால்.

"என்னக்கா சொல்றீங்க?"

"அவரு ரயில் பாதையில வேலை பார்த்தாருல்ல, அந்த விதவை பென்ஷன் இந்த மாசம்தான் கைக்கு வந்துச்சு. உடனே ஊனமுற்றவங்களுக்குத் தர்ற காச நிப்பாட்டிட்டாங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு உதவி கிடையாதாம்."

"பென்ஷன் என்ன உதவியா? அவரு சம்பளத்துல புடிச்ச காசுதானே?"

"அதைச் சொல்லத்தான் போனேன். அந்த ஆபீஸ் ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் அரைகுறை. 'இனி உங்களுக்கு என்ன குறை'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. அது மட்டும் நல்லா விளங்குச்சு."

"நீங்க எப்படிப் பதில் சொன்னீங்க?"

"அதுக்கு எதுக்கு பாஷை? காலைக் கழட்டி மேசை மேல, அவரு டீக்கோப்பைக்குப் பக்கத்துல வச்சேன்."

"அவரு என்ன செஞ்சாரு?"

"கோப்பையைத் தூக்கிக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டாரு."

தியத்தலாவை தாண்டி, ஒரு தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் அவள் எழுந்தாள். சுருக்கா இறங்கும்படி கண்டக்டர் கதவைத் தட்டினான்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி," என்றாள் அவள், கம்பியைப் பிடித்தபடி. "கால் இந்த மாசம்தான் சரியாப் போச்சு. இன்னும் நடந்து பழகல."