வில்லன் வீட்டுக்காரி பேசுகிறேன்

மேடை நடுவே மாலையோடு வீற்றிருக்கும் தலைவர் கோவிந்தசாமி அண்ணன் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்த பெரியவர்களே! பிடோக்கிலிருந்தும் உட்லண்ட்ஸிலிருந்தும் பஸ் மாறி, ரயில் மாறி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் யார்? இந்த நாடகக் குழுவில் இருபத்தெட்டு ஆண்டுகள் வில்லனாகவே நடித்த சின்னத்தம்பியின் மனைவி. அவர் போய் ஐந்து மாதம் ஆகிறது. அவர் பெயரில் முதன்முதலாக ஒரு கேடயம். அதை நான் கொடுக்க வேண்டுமாம். கேடயத்தில் என்ன எழுதியிருக்கிறது? ‘சின்னத்தம்பி நினைவுப் பரிசு, சிறந்த கதாநாயகன்!’ கதாநாயகனா? என் வீட்டுக்காரரா? இதை நான் கொடுக்கலாமா, கூடாதா? அதைத்தான் பேச வந்தேன். பயப்படாதீர்கள் அண்ணே, சாப்பாடு ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

போன வாரம் என் மகள் வைஷாலி, “வீட்டுக்குள்ளேயே கெடக்காதம்மா, வா லா” என்று ஒரு படத்துக்கு இழுத்துப்போனாள். சித்திரக்கதையில் வரும் வில்லன் ஒருவனைப் பற்றிய படம். ஊர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அட்டூழியம் செய்கிறவனாம். சித்திரக்கதைதானே, சிரித்துவிட்டு வரலாம் என்று போனேன். சிரிப்பா? இரண்டரை மணி நேரம் இருட்டு! எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் நின்றபோதுகூட அத்தனை இருட்டில்லை.

வில்லன் வந்தான். என்னை மீறிக் குரல் வந்தது: “அடேய், நாசமாப் போறவனே! நீ உருப்படுவியா?”

அரங்கமே திரும்பியது. டிக்கெட் பார்க்கும் பெண் டார்ச்சோடு ஓடி வந்தாள். வைஷாலி நாற்காலிக்குள் புதைந்தாள். என் தவறா அது? இருபத்தெட்டு ஆண்டுப் பழக்கம்! ஒவ்வொரு நாடகத்துக்கும் அவர் என்னை இரண்டாம் வரிசையில் உட்கார வைப்பார். “நான் வந்ததும் நீ ஆரம்பி. நீ திட்டுனாத்தான் மத்தவங்க திட்டுவாங்க. ஜனங்க திட்டலைன்னா நான் நடிச்சது வீண்” என்பார். கட்டிய கணவரைக் கண்ணெதிரே காது கிழியத் திட்டினேன்! சிரிக்கிறீர்களே, ஒரு வசைகூட அவர் எழுதிக் கொடுத்ததில்லை. எல்லாம் என் சொந்தச் சரக்கு!

அந்தப் படத்தில் அவன் ஏன் கெட்டான் என்று காரணம் காட்டுகிறார்கள். தாய் துரத்தினாள், வேலை போனது, ஊர் சிரித்தது. பக்கத்திலெல்லாம் மூக்கைச் சிந்துகிறார்கள். நானும் அழுதேன், அவனுக்காக அல்ல. என் மனிதருக்கு யார் காரணம் காட்டினார்கள்? வந்தார், கண்ணை உருட்டினார், குத்துப்பட்டுச் செத்தார். திரை விழுந்ததும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “பசிக்குது, பிராட்டா வாங்கிட்டியா?” என்றார். எத்தனை முறை செத்தார்! எத்தனை முறை எழுந்தார்! அந்த நினைப்பில் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்று, “திரை விழுந்தாச்சு, எந்திரிங்க” என்று சொல்லிப் பார்த்தேன்.

எழவில்லை.

தண்ணீர் வேண்டாம் தம்பி. பேசிவிடுகிறேன்.

கேடயத்தைப் பற்றித் தலைவரிடம் கேட்டேன். “போனவரு பேருல வில்லன் பரிசுன்னு போட்டா நல்லாவா இருக்கும்மா?” என்றார். அண்ணே! அடிவாங்க ஆளில்லாமல் கதாநாயகன் யாரை அடிப்பார்? கடத்த ஆளில்லாமல் கதாநாயகியை எப்படி மீட்பார்? நாடகம் முடிந்த மறுநாள், கதாநாயகனுக்குப் பெண் கொடுக்க வந்தார்கள். என் வீட்டுக்காரருக்கோ சந்தையில் மீன்காரம்மா கெட்ட மீனைக் கொடுத்தார்! அந்த மீனை ஆசையாய்க் கொண்டுவந்து காட்டி, “பாத்தியா, நேத்து நல்லா நடிச்சிருக்கேன்” என்றாரே, அந்த மனிதரா கதாநாயகன்?

அவர் நல்லவர். அது எனக்குத் தெரியும், என் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் அவர் உழைத்தது கெட்டவராக! வியர்த்தது கெட்டவராக! வென்றது கெட்டவராக! அந்த உழைப்பை அழித்துவிட்டு அவர் பெயரை மட்டும் வைத்தால், அது யாருடைய நினைவு?

ஆகவே இந்தக் கேடயம் கதாநாயகனுக்குப் போகாது. இன்றைய நாடகத்தில் கதாநாயகனாக வந்த அகிலன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத்தான் இவ்வளவு கைதட்டல் கிடைத்ததே! இன்று வில்லனாக வந்து எங்களை நடுங்கவைத்த அதீஃப் தம்பி எங்கே?

அண்ணன் தலையாட்டுகிறார்! நன்றி அண்ணே. எழுத்தை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

படிப்பில்லாதவள் பேச்சைப் பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி, அனைவருக்கும் வணக்கம்.

அதீஃப் தம்பி, வாருங்கள். ஒட்டுமீசையைக் கழற்ற வேண்டாம். அப்படியே வாருங்கள்.