வாசலுக்கு வந்த தூக்குப் பாத்திரம்

குப்பைத் தொட்டியை யார் உள்ளே இழுத்து வைத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், இராஜேஸ்வரி மேடம். சிட்னியில், இந்தக் குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை லாரி வரும். நான் வேலை முடிந்து வருவதற்குள் பக்கத்து வீட்டுச் சுஜீதன் எங்கள் தொட்டிகளையும் சேர்த்து உள்ளே தள்ளி, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார். நல்ல மனிதர். எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் அவருடைய வக்கீல், உங்களுக்குத் தெரியாததில்லை. அவரைப் பற்றி ஒருநாளும் நான் கெட்டதாகப் பேசியதில்லை. எழுதியிருக்கிறேன், அது வேறு.

காபி ஆறுகிறது, குடியுங்கள். ரஞ்சிதம் போட்டது. என் கணவரின் தங்கை. என் முதல் பிரசவத்துக்கு உதவியாக ஆறு மாதம் இருக்கலாம் என்று ஈரோட்டிலிருந்து வந்தாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது பத்து வயது. சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, துணி மடிப்பது எல்லாம் அவளாகவே எடுத்துப்போட்டுச் செய்கிறாள். துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஓர் அறை கொடுத்திருக்கிறோம். ஜன்னல் இல்லாததால் குளிர் வராது.

சுஜீதன் இலங்கையிலிருந்து படகில் வந்தவர். பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிக விசா. பக்கத்து வீட்டுச் சிவமணியின் கராஜ் அறையில் வாடகைக்கு இருந்தார். டைல்ஸ் பதிக்கிற வேலை. போன வருஷம் ஒரு மாலை, வேலியருகே அவரும் ரஞ்சிதமும் பேசுவது கேட்டது.

“இந்தாங்கோ, முருங்கைக்காய். நல்ல பிஞ்சு.”

“நேத்துக் குடுத்ததே ஃப்ரிட்ஜ்ல கெடக்குங்க.”

“அப்ப அதைச் சமையுங்கோ. இதை வச்சுப் பாருங்கோ.”

ரஞ்சிதம் சிரித்தாள். பத்து வருஷத்தில் என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

செப்டம்பரில் சுஜீதன், சிவமணியின் மனைவியை அழைத்துக்கொண்டு முறையாகவே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, “அக்கா, என்னட்ட நிரந்தர விசா இல்லை, ஆனா கையில வேலை இருக்கு. ரஞ்சிதத்தைக் கட்ட விருப்பம். அவவுக்கும் ஓம்” என்றார்.

“யோசிச்சு சொல்றோம்” என்றார் என் கணவர். அவர் வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். வீட்டில் யோசிப்பது நான்தான். யோசித்தேன். ரஞ்சிதத்துடையதும் தற்காலிக விசாதான்; இரண்டு தற்காலிக விசாக்கள் கல்யாணம் செய்துகொண்டால் எப்படி நிரந்தரமாக வாழும்? அவள் கஷ்டப்படுவாள். அதோடு காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை யார் பள்ளிக்கூடத்தில் விடுவது? இரண்டாவது கேள்வி பிறகுதான் தோன்றியது. அன்று மதியம்.

அக்கம்பக்கத்துத் தொல்லை பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்று எங்கள் நூலகத்தில் கிடைக்கும். எது நடந்தாலும் தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள் என்று அதில் சொல்லியிருந்தது. நான் விதிகளை மதிப்பவள். ஒரு நோட்டு வாங்கினேன். தொட்டியை இழுத்து வைத்ததை, ‘அனுமதியின்றி எங்கள் இடத்துக்குள் நுழைகிறார்’ என்று எழுதினேன். முருங்கைக்காய், ‘வேலிக்கு மேலாகப் பொருட்களைப் போடுகிறார்.’ நாங்கள் மெல்பர்ன் போயிருந்தபோது செடிகளுக்குத் தண்ணீர் விட்டார்; ‘ஆளில்லாத நேரத்தில் வீட்டைக் கவனிக்கிறார்.’ ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை.

நோட்டு நிரம்பியதும் போலீஸுக்குப் போனேன். மிகவும் மரியாதையான ஓர் இளம் காவலர் வீட்டுக்கு வந்தார். ரஞ்சிதத்துக்கு ஆங்கிலம் வராது. நான்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பொருட்களைக் கொடுப்பாரா என்று கேட்டார்.

“ஆமா, குடுப்பாரு. வேண்டாம்னாலும் குடுப்பாரு” என்றாள், வெட்கத்தோடு.

வேண்டாம் என்றாலும் விடுவதில்லை என்று சொன்னேன். அவள் தலைகுனிந்து நின்றதையும் காவலர் குறித்துக்கொண்டார்.

பிறகு நீதிமன்றம். ஏ.வி.ஓ. என்கிற தடை ஆணை இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஆணையை மட்டும் ஏற்கலாம் என்று அன்றைக்கு இருந்த வக்கீல் அவரிடம் சொல்லியிருக்கிறார். அது நீங்கள் இல்லை, தெரியும். “ஓம் எண்டு சொன்னா அக்காவுக்கு நிம்மதி எண்டால், ஓம்” என்றார் சுஜீதன். இரண்டு வருஷத்துக்கு எங்கள் வாசலுக்கு வரக்கூடாது. என்னிடமும் ரஞ்சிதத்திடமும் எந்த வழியிலும் பேசக்கூடாது. அவர் விசாவுக்கு ஒரு வழக்குப் பதிந்தாலே ஆபத்து என்று சிவமணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் அவர் வேலிப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ரஞ்சிதம் நாட்காட்டியில் நாட்களை அடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷம் ஒன்றும் ஆயுள் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தைப்பொங்கல் வந்தது. சர்க்கரைப் பொங்கலை நானே கிளறி, ரஞ்சிதத்தின் அம்மா கொடுத்த எவர்சில்வர் தூக்கில் போட்டுச் சிவமணியிடம் தந்தேன். “ரஞ்சிதம் குடுத்ததா சொல்லுங்க. தூக்கு அவங்கம்மாவோடது, சனிக்கிழமை பூஜைக்கு வேணும்” என்றேன். சனிக்கிழமை சிவமணி குடும்பத்தோடு கல்யாணத்துக்குக் கான்பரா போவது எனக்குத் தெரியும். ரஞ்சிதத்தைப் பிள்ளைகளோடு நீச்சல் வகுப்புக்கு அனுப்பினேன்.

நம் ஆட்கள் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவார்களா, மேடம்? நீங்கள் தருவீர்களா? நீதிபதிக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும்.

பத்து மணிக்கு வந்தார். தூக்கைப் புளி போட்டுத் தேய்த்திருப்பார் போல, பளபளவென்றிருந்தது. நான் கதவைத் திறக்கவில்லை. அழைப்பு மணியில் உள்ள கேமராவுக்குக் குனிந்து, “அக்கா, பயப்பிடாதேங்கோ, உள்ளுக்கு வரேல்ல. வெறும் பாத்திரமாத் தரக்கூடாது எண்டு பயத்தம் பணியாரம் சுட்டனான். அவவுக்குச் சொல்லுங்கோ, முதல் தரம் சுட்டது, கொஞ்சம் கருகிப்போச்சு” என்று சிரித்தார். படமும் குரலும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. போலீஸை அழைத்தேன். ஆணையை மீறியதற்கு அதைவிட நல்ல சாட்சி எதற்கு?

நான் எதையும் மீறவில்லை. ஆணை அவரைத்தான் கட்டும்; நான் பொங்கல் கொடுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி கிடையாது. படித்துப் பார்த்துவிட்டுத்தான் பொங்கினேன்.

வழக்குப் பதிந்தார்கள், விசா போனது, வில்லவுட் தடுப்பு முகாமில் ஐந்து மாதம் இருந்தார், பிறகு தானாகவே திரும்பிப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டார். கொழும்பில் இறங்கிப் பதினோரு நாளாகியும் அவர் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்கிறீர்கள். வருத்தமாக இருக்கிறது. வழியில் யாராவது உறவினர் வீட்டில் தங்கியிருப்பார். தெரிந்தே அவரை வரவழைத்தேனா என்று கேட்டீர்கள். ஆமாம், தெரிந்தேதான். ரஞ்சிதத்துக்காகத்தான்.

அவளிடம் தனியாகப் பேச வேண்டுமா? அவள் இப்போது யாரிடமும் பேசுவதில்லை. ஊருக்கே போகிறேன் என்று ஒருநாள் சொன்னாள், கோபத்தில் சொன்னது. எங்களை விட்டுப் போக அவளுக்கு மனசு வராது. போகிறவள் பாஸ்போர்ட்டை என் அலமாரியிலேயே விட்டு வைத்திருப்பாளா? மூன்று தடவை கேட்டாள், உண்மைதான். சாவியை எங்கே வைத்தேன் என்றுதான் எனக்கு நினைவு வரவில்லை.