யோவான் சிற்றாலயத்தில் பதில் சொன்ன குரல்

“இந்தத் தடவை பானையை நான்தான் தூக்குவேன்!”

“தூக்குவடி, தூக்குவ! அம்மா உசிரோட இருக்கறவதான் தூக்கணும். உனக்கு எங்க இருக்கா?”

கிணற்றடியில் அத்தனை பெண்கள் முன்னால் மோஸ்காவை இப்படிக் கேட்டது வேறு யாருமில்லை, அவளுடைய பெரியம்மா ஸாம்பேத்தா. நாக்கு அப்படி. அவள் வீடு என் கொழுந்தியாளின் நாத்தனார் வீட்டுக்கு அடுத்ததுதான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும். கிட்டே வந்து உட்காருங்கள்.

எங்கள் தீவில் அன்று யோவான் திருநாளுக்கு முந்தின அந்தி. தாய் தகப்பன் இருவரும் உள்ள பெண்தான் கிணற்று நீரை வீடுவரை சுமப்பாள். வழியில் வாய் திறக்கக் கூடாது. அந்த நீரில்தான் மற்றப் பெண்கள் மோதிரமும் தோடும் போட்டு, மறுநாள் எடுத்து, வரப்போகிற மாப்பிள்ளை யாரென்று குறி பார்ப்பார்கள். ஒரு சொல் பேசினால் போச்சு, வெறும் தண்ணீர். தூக்கியவள் மானமும் போச்சு.

அந்த வருடம் பானை ஸாம்பேத்தாவின் மகள் அனெசினாவுக்கு. அவளுக்குக் குரல் தேன். மோஸ்கா கண்வைத்திருந்த படகுக்கார நொமிகோஸ், அனெசினா கோயிலில் பாடினால் மெழுகுவத்தி கையில் உருகுவதுகூடத் தெரியாமல் நிற்பான். மோஸ்காவுக்கு வயிறு எரியாதா?

“இன்னிக்கு அந்தத் தேன் வாயைத் தொறக்க வைக்கறேன்.”

பாதி வழியில் மலைச்சரிவில் யோவான் சிற்றாலயம். அன்று மாலை விளக்கேற்றிப் பூட்டியது மோஸ்காதான். சாவியை மடியில் செருகிக்கொண்டு பின்சுவரில் ஒண்டி நின்றாள்.

இருட்டிவிட்டது... காற்றே இல்லை. கல்வழியில் செருப்புச் சத்தம். பானை தளும்பும் சத்தம். அனெசினா தனியாகத் தாண்டிப் போனாள்.

“அனெசினா...”

அவள் திரும்பவில்லை. நடை மட்டும் வேகமானது.

“அடியே அனெசினா! நொமிகோஸ் கூப்பிடறாண்டி!”

“இதோ வந்துட்டேன்.”

அதே குரல். அதே தேன். மோஸ்காவுக்குச் சிரிப்புப் பொங்கியது. எட்டிப் பார்த்தாள்.

அனெசினா அதற்குள் தூரத்து வளைவில் இருந்தாள்.

பதில் வந்தது... மோஸ்கா முதுகைச் சாய்த்திருந்த சுவருக்குள்ளிருந்து.

விளக்கு அணைந்த திரிவாசனை. பிறகு உள்ளே, கல்தரையில் ஈரக்கால். சளப்... சளப்... வாசல் பக்கமாக.

மோஸ்கா ஓடினாள். பெரியம்மா வீட்டில் பானை இறங்கியிருந்தது. அனெசினா சிரித்துக்கொண்டிருந்தாள். “வழியில ஏதோ பூனை கத்துச்சும்மா. நான் வாயே தொறக்கல.”

ஸாம்பேத்தா மோஸ்காவின் காலைப் பார்த்தாள். “உன் இன்னொரு செருப்பு எங்கடி?”

அறுவடை முடிந்ததும் அனெசினாவுக்கும் நொமிகோஸுக்கும் கல்யாணம். அதைப் பார்க்கச் சகிக்காமல் மோஸ்கா ஒரு ரொட்டிக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டு சீரோஸ் தீவுக்குப் போனாள். அங்கே அவள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கைதட்டுவாள். பெருமை பிடித்தவள் என்று தெருவே பேசியது.

போன வருடம் மறந்துவிட்டாள். மகன் கடற்கரைக்குப் போயிருந்தது நினைவில்லாமல், கீழே நின்று, “யாகுமி!” என்று கத்திவிட்டாள்.

காலியாகக் கிடந்த மாடியிலிருந்து பதில் வந்தது. “இதோ வந்துட்டேன்.”

மாவு பிசைந்துகொண்டிருந்த புருஷன் நிமிர்ந்தான். “யாருடி அது? குரல் என்ன இனிமை!”

நம்புங்கள், முதலில் மோஸ்காவுக்கு வந்தது பயமில்லை. அதே பழைய வயிற்றெரிச்சல்தான்.

அப்புறம்தான் படிக்கட்டில் கேட்டது... ஒரு காலில் ஈரம். சளப்... மறு காலில், அவளுடைய அந்தப் பழைய செருப்பு.