இருமல் குறைந்த மில்

“ரோஷ் புவா மில்லுப் பெண்கள் மட்டும் இன்னும் இருமட்டும்னு நான்தான் விட்டு வச்சேன்.”

மோகா ஊருக்குப் போகும் பேருந்தில் முன் இருக்கை டாக்டரம்மா தன் தோழியிடம் இப்படிச் சொன்னார். சுற்றியிருப்பவர்களுக்குத் தமிழ் புரியாது என்ற துணிச்சல். எனக்கு உடனே தொண்டை அரித்தது. இருமினால் என்னையும் அந்தப் பட்டியலில் ஏற்றிவிடுவாரோ என்று, ஐம்பது வயதில், வாயைப் பொத்திக்கொண்டேன்.

“ஒப்பிட்டுப் பாக்கணும்ல? ரிவியேர் டு ராம்பார் மில்லுல பஞ்சுத் தூசுக்கு முகமூடி கொடுத்தோம், இருமல் குறைஞ்சிடுச்சு. இன்னிக்கு அறிக்கை கொடுத்தா ரோஷ் புவாவுக்கும் முகமூடி கிடைச்சிடும்.”

“சீட்டுக் குலுக்கியா அந்த மில்லை எடுத்தே?”

“இல்லடி, அந்த முதலாளிதான் சம்மதிச்சார்.”

“முன்னாடி இருமினவங்க இன்னும் அங்கதான் வேலை பாக்குறாங்களா?”

காகிதங்கள் புரண்டன. “நிறையப் பேர் நின்னுட்டாங்க.”

“அப்போ குறைஞ்சது இருமலா, ஆளா?”

“இதை எழுதினா ரோஷ் புவாவுக்கு ஒண்ணும் கிடைக்காதுடி!”

“எழுதலைன்னா, பிரயோஜனமில்லாத முகமூடியைக் கட்டிக்கிட்டு இருமுவாங்களோ என்னவோ. நின்னவங்களைப் போய்ப் பாரு.”

“அவங்க வீடு யாருக்குத் தெரியும்?”

“இருமல் கேக்குற வீடு.”

அறிக்கை கொடுக்க வேண்டிய அலுவலகத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே டாக்டரம்மா இறங்கிவிட்டார். அறிக்கையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு சாலையைக் கடந்து, திரும்பிப் போகும் பேருந்துக்குக் கை காட்டினார்.