லிப்ட் வாசலில் மரியாதை

கறுப்புக் கண்ணாடி வாங்கும்போது கஞ்சத்தனம் கூடாது, ஆய்வாளர் ஐயா. மலிவான சரக்கு சாயங்காலத்துக்குள் காதை அறுத்துவிடும். வருடக்கணக்காகப் போட்டவன், அனுபவத்தில் சொல்கிறேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். நம் கொரியாவில் மசாஜ் உரிமம் பார்வையற்றவர்களுக்கு மட்டும்தான். நான் அதைக் குறை சொல்லவில்லை. என் விரல்கள் நன்றாக இருந்தன. கண்களும் நன்றாக இருந்தன என்பதுதான் இடைஞ்சல். நான் தேகு நகரத் துணிச்சந்தையில் வளர்ந்தவன். கேட்கிறவர் கிழிசல்தான் வேண்டும் என்றால், கிழித்துக் கொடுப்பதுதான் வியாபாரம். கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். பலகை எங்கே என்று கேட்டேன். தோற்றால் தேறிவிடும் பரீட்சையை அங்கேதான் கண்டேன். அப்புறம் இரண்டு வருடம் முறையாகப் படித்தேன். எந்த இடத்தில் அழுத்தினால் எந்த வலி இளகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உரிமம் வந்தது, கடை வந்தது, பெயர் வந்தது.

மழைநாளில் நான் குட்டையைத் தாண்டிக் குதித்தேன் என்று யாரோ பார்வையற்ற மசாஜ்காரர்கள் சங்கத்தில் புகார் சொன்னார்கள். விசாரிக்கப் பியோ குவாங்சிக் வந்தார். சங்கத்தின் மூத்தவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். புகார் உண்மை என்று அவர் சொன்னால் உரிமம் போகும், கடை போகும், நான் ஜெயிலுக்குப் போவேன்.

தன் மனைவியை என் எதிரே உட்காரவைத்து முகத்தைக் கோணிக் காட்டச் சொன்னார். அந்த அம்மாள் மூக்கைப் பன்றிபோலத் தூக்கினார், நாக்கைத் துருத்தினார். நான் நாடி பிடிப்பவன்போல உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் அசிங்கமா காட்டுடி."

"இதுக்கு மேல என் மூஞ்சியில சரக்கு இல்லைங்க. இவன் கல்லு மாதிரி உக்காந்திருக்கான், எனக்குத்தான் வெக்கமா இருக்கு."

மறுநாள் அவர் தனியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உன்னைப் போயி சந்தேகப்பட்டுட்டேன். சங்கத்துல நல்லபடியா சொல்லிடறேன். வா, சூப்புச் சோறு வாங்கித் தரேன்."

லிப்டுக்கு நடந்தோம். மூன்றாவது மாடி. ரிப்பேர்காரர்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளே பெட்டி இல்லை, இருட்டும் கம்பிவடமும்தான். ஓரமாக ஒரு மஞ்சள் பலகையில் எச்சரிக்கை எழுதியிருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்தில் எச்சரித்து என்ன பிரயோஜனம்? நீங்கள் அந்த ரிப்பேர்காரர்களையும் விசாரிக்க வேண்டும்.

"காத்து வருது, கதவு தொறந்துதான் இருக்கு. ஏறு தம்பி."

"நீங்க ஏறுங்கண்ணே."

"உன் கடை, உன் கட்டடம். நீதான் முதல்ல."

"மூத்தவங்க நிக்கறப்ப நான் முன்னால போனா எங்கப்பா செருப்பாலயே அடிப்பாருண்ணே."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா? சரி, கையக் குடு, ஒண்ணா ஏறுவோம்."

இங்கேதான் பேரம் கொஞ்சம் இழுத்தது. 'நில்லுங்கள்' என்று ஒரு வார்த்தை போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு என் உரிமத்தை விலையாகக் கேட்டால் எப்படி? யாருக்கும் கட்டுபடியாகாது.

"குடைய மறந்துட்டேண்ணே," என்று கையை விடுவித்துக்கொண்டேன். "நீங்க உள்ள போயி கதவப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க."

"சட்டுனு வா, பசிக்குது," என்றார்.

நான் உண்மையிலேயே குடையை எடுக்கத்தான் போனேன். வெளியே நல்ல வெயில். திரும்பி வந்து, சுவரைத் தடவித் தடவிப் படி வழியாக இறங்கினேன்.

லிப்டுக்கு மேலே கேமரா இருந்ததாம். நான் குழிக்குள் எட்டிப் பார்த்தது அதில் பதிவாகியிருக்கிறதாம். அந்தக் கேமராவை நான் பார்க்கவில்லை, இது சத்தியம்.

எழுதி முடித்துவிட்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் யாரையாவது எனக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நானே வாசித்தால் உரிமம் போய்விடும்.