அறுபத்தெட்டு கிலோ

— முதுகை நல்லா வளைச்சு உட்காருங்கம்மா.

— இந்த வயித்தை வெச்சுக்கிட்டு எங்க டாக்டரம்மா வளையறது... பிரசவ வலிக்கு ஊசி போடத்தானே வந்தீங்க? முதுகுல எதுக்கு ஸ்கேன்?

— ஊசி எவ்வளவு ஆழம் போகணும்னு பார்க்கறேன். தண்டுவடத்தைச் சுத்தி ஒரு சின்ன இடைவெளி இருக்கு. மருந்து அங்கதான் போகணும்.

— போன பிரசவத்துல இதெல்லாம் பார்க்கல. நாலு தடவை குத்தினாங்க. முதுகா சல்லடையான்னு ஆயிடுச்சு.

— ம்...

— சும்மா விடுவேனா? வீட்டுக்குப் போனதும் ரெண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிப் போட்டேன்.

— யாருன்னு தெரியுமா?

— எங்க! நீங்க எல்லாரும் முதுகுக்குப் பின்னாடிதானே நிக்கறீங்க. முகத்தையே பார்க்கல. வலியில குரல்கூட... இருங்க, இருங்க... வருது...

— மூச்சை மெதுவா விடுங்க... இன்னும்... போயிடுச்சா?

— போயிடுச்சு. எவ்வளவு ஆழமாம்?

— அதான் இடிக்குது. உங்க உயரம், எடை வெச்சுக் கணக்குப் போட்டா அஞ்சு சென்டிமீட்டர் வருது. ஸ்கேன்ல ஆறரை காட்டுது.

— மெஷின் பழசா இருக்கும்.

— போன மாசம் வாங்கினது. சீட்டுல எடை அறுபத்தெட்டுன்னு இருக்கு.

— ...ஆமா.

— நிஜமா?

— எங்க வீட்டுக்காரர் எங்க நிக்கறார்?

— வெளிய.

— கதவு சாத்தியிருக்கா?

— சாத்தியாச்சு. சொல்லுங்க.

— தொண்ணூத்தி நாலு.

— அடேயப்பா!

— மெதுவா! அறுபத்தெட்டு கல்யாணத்தப்ப இருந்தது. நர்ஸ் அவரை வெச்சுக்கிட்டே கேட்டா நான் என்ன சொல்ல? அதை வெச்சே ஒரு மாசம் ஓட்டுவார் மனுஷன்.

— நல்ல வேளை, இப்பவாவது சொன்னீங்க. அசையாதீங்க. முதல்ல மரத்துப்போக ஒரு சின்ன ஊசி...

— ஸ்ஸ்...

— அவ்வளவுதான். இப்ப அழுத்தற மாதிரி இருக்கும். அஞ்சு... இன்னும் கொஞ்சம்... ஆறு... ஆறரை. வந்தாச்சு.

— ஒரே குத்தா?

— ஒரே குத்து.

— உங்க கையைக் கண்ணுல ஒத்திக்கணும். அந்த டாக்டருக்கு இந்தக் கை இல்லாம போச்சே!

— கையை மட்டும் சொல்லாதீங்கம்மா. அன்னைக்கும் அறுபத்தெட்டுன்னுதானே சொன்னீங்க? அஞ்சுல இடைவெளி கிடைக்கலன்னதும், தடம் தப்பிடுச்சுன்னு நினைச்சு வெளிய எடுத்து, மறுபடி குத்தி... கணக்கை மட்டும் நம்பினதும் தப்புதான்.

— அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அசையாதீங்க, பிளாஸ்திரி ஒட்டிக்கறேன்.

— டாக்டரம்மா?

— நான்தாம்மா குத்தினேன். உங்களை உள்ள கூட்டிட்டு வந்தப்பவே அடையாளம் தெரிஞ்சுடுச்சு. சொன்னா பக்கத்துலயே விட மாட்டீங்கன்னு பயந்துதான்... வாயைத் திறக்கல.